அறிந்தவர் யார்? மன்னார் முத்துக் கடலில் ஒரு விசாரணை

வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரைக்குக் காரணம். கடல்வளம் கூறும் பழம்பாடல் ஒன்றை மாணவர்க்கு விளக்கிக்கொண்டிருந்தோம். பாடலில் முத்து வந்தது. சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்று நம் முன்னோர் நம்பினர் என்று கூறினோம். அவ்வளவில் நிறுத்தியிருந்தால் இந்தத் தொல்லை வந்திராது. ‘இக்கால விஞ்ஞானிகள் வேறு கூறுவர். சிப்பிக்குள் புகும் ஒருவகைப் புழுவைச் சுற்றியே முத்து உருவாகிறது. நமது மன்னார்க் கடலிலேயே இது ஆராய்ந்து நிரூபிக்கப்பட்டது’ என்றும் சேர்த்துச் சொன்னோம். சொன்னபோது நம் குரலில் சிறிது கம்பீரம் ஏறியிருந்தது என்பதை மறைப்பானேன்?

வங்காலைப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்தான்.

“சேர், அந்தப் புழுவை முத்துக்குள்ளே கண்டவர்கள் இருக்கிறார்களா?”

“கண்டபடியால்தானே எழுதிவைத்திருக்கிறார்கள்! இரும்” என்றோம்.

அவன் இருந்துவிட்டான். வகுப்பு சிரித்தது. மணி அடித்தது. ஆனால் அவன் கேட்ட கேள்வி நம்முடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது. புழுவின் கதையை நாம் இளமையில் ஏதோ ஒரு பழைய நூலிற் படித்தோம். அதன் பின் இருபது ஆண்டுகளாகப் பலமுறை பிறருக்குச் சொல்லியிருக்கிறோம். ஒருமுறையேனும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. அன்றிரவு புத்தகங்களைப் புரட்டியபோதுதான், அம்மாணவன் கேட்ட அதே கேள்வியை 1912ஆம் ஆண்டிலே ஒரு விஞ்ஞானி கேட்டிருக்கிறார் என்பதும், அதற்கு நாம் சொன்ன விடை அன்றே ஆட்டங்கண்டு விட்டது என்பதும் தெரியவந்தன.

அக்கதையைச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என நீளும் கரைக்கு எதிரே, ஆழம் குறைந்த கடலடியில் பாறைத் திட்டுகள் பல உள்ளன. இவற்றைப் ‘பார்’ என்பர். சேவல்பார், மோதரகம்பார், பெரியபார் எனப் பலவும் பெயர் பெற்றவை. இப்பார்களில் முத்துச்சிப்பி ஒட்டி வளர்ந்து முதிரும் ஆண்டுகளிலே ‘சலாபம்’ கூடும். வெறும் மணற்கரையாகக் கிடந்த மரிச்சுக்கட்டி சில வாரங்களுக்கு ஒரு பட்டினமாகிவிடும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும், பாரசீக வளைகுடாவிலிருந்தும் சுழியோடிகள் வருவர். முத்து வியாபாரிகள் மூட்டை முடிச்சுகளோடு வந்து ஓலைக் கொட்டில்களில் தங்குவர். மூன்றில் ஒரு பங்கு சிப்பி குளித்தவருக்கு. எஞ்சிய இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கை அன்றாடம் மாலையில் ஆயிரக்கணக்கிலே ஏலம் கூறுவர். பிற்காலத்தில் ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ப் 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் உத்தியோகத்தராய் இங்கே வேலை பார்த்தவர்.

ஆனால் இக்கடல் ஆண்டுதோறும் கொடுப்பதன்று. சில ஆண்டுகள் அள்ளித் தரும். பின்பு பத்துப் பதினைந்து ஆண்டுகள் கையை விரித்துவிடும். 1891இல் நல்ல சலாபம் ஒன்று நடந்தது. அதன் பின் ஆண்டுக்காண்டு பார்வையிட்டும் பலனில்லை. சிப்பிக் குஞ்சுகள் கோடிக்கணக்கில் தோன்றும். அடுத்த பார்வையின்போது ஒன்றும் இராது.

இது ஏன் என்ற கேள்விக்கு அன்று கரையிலே விடைகளுக்குக் குறைவில்லை. பெரியபாரைக் கடற்றொழிலாளர் ‘தாய்ப்பார்’ என்று அழைத்தனர். குஞ்சுகள் முதலில் அங்கே தோன்றி, வளர்ந்ததும் உள்ளே இருக்கும் பார்களுக்குப் பெயர்ந்து செல்கின்றன என்பது அவர்கள் கருத்து. கண்டது மெய். பெரியபாரில் குஞ்சுகள் திரளாகத் தோன்றியதும் மறைந்ததும் உண்மையே. மறைந்தவை எங்கே சென்றன என்று சொன்ன பகுதி மட்டுமே அநுமானம். கண்டதையும் ஊகித்ததையும் ஒரே மூச்சில் சொன்னபடியால், கேட்டவருக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டன.

இனி, இச்சலாபத்தின் விசித்திரமான மனிதர் ஒருவரை அறிமுகஞ் செய்தல் வேண்டும். அவர் பெயர் ‘கடல்கட்டி’. சுறாமீனின் வாயை மந்திரத்தாற் கட்டுவது அவர் தொழில். கரையிலே நின்று அவர் மந்திரம் ஓதினாலன்றிச் சுழியோடிகள் பலர் கடலில் இறங்க மறுப்பர். இது பரம்பரைத் தொழில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைச் செய்தவர் ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர் என்பதும், ஆங்கில அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது என்பதும் வேடிக்கையான உண்மைகள். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலில் இவரைப்பற்றி எழுதியிருக்கிறார். சலாப காலத்திலே சுறாவினால் விபத்து நேர்வது மிக அரிது. நூற்றுக்கணக்கான வள்ளங்களும் ஓயாத ஆரவாரமுமே சுறாக்களை விலக்கி வைத்திருக்க வேண்டும் என்பது டெனன்டின் கருத்து. ஆரவாரம் விலக்கியது, புகழ் மந்திரத்துக்குச் சென்றது.

கடல்கட்டியைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நாம் அவசரப்பட்டுச் சிரிக்க விரும்பவில்லை. கல்லொன்றைக் காலிற் கொழுவிக்கொண்டு, ஒரு கயிற்றை நம்பி, மூச்சை அடக்கி ஐந்தாறு பாகம் ஆழத்துக்கு நாளொன்றுக்குப் பலமுறை இறங்கும் மனிதனுக்குத் தைரியம் வேண்டும். அதை அவர் கொடுத்தார். அவரிடம் நாம் கவனிக்கவேண்டிய விஷயம் வேறு. ஆண்டுதோறும் சுறா வராமையே அவருக்குச் சாட்சியாய் அமைந்தது. எந்த ஆண்டிலும் அவர் இல்லாமல் இறங்கிப் பார்த்தவர் இலர். பிழை என்று காட்டும் சந்தர்ப்பமே வராத வித்தை, வித்தகருக்குக்கூடத் தம் வித்தை மெய்யென்றே தோன்றச் செய்துவிடும்.

இந்நிலையில் 1902 ஜனவரியில் லிவர்பூல் சர்வகலாசாலையிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் வந்து சேர்ந்தார். றோயல் சங்கத்தின் அங்கத்தவர். கடல்வாழ் உயிரினங்களைப் பற்றி அன்று அவருக்கு மேலாகப் பேசக்கூடியவர்கள் மிகச் சிலரே. ஜேம்ஸ் ஹோர்ணெல் என்ற உதவியாளரும் உடன் வந்தார். ‘லேடி ஹவ்லொக்’ என்ற நீராவிக் கப்பலில் பார்களைச் சுற்றிவந்து, கடலடியைத் துருவி எடுத்துச் சோதித்தனர். சில மாதங்களில் ஹேர்ட்மன் ஊர் திரும்ப, ஹோர்ணெல் தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவர்களின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் பகுதிகளாக றோயல் சங்கத்தால் வெளியிடப்பட்டது.

அவ்வறிக்கையிற் பெரும்பகுதி உயர்ந்த வேலைப்பாடு என்பதில் ஐயமில்லை. பெரியபார் கரையிலிருந்து 15 மைலுக்கு அப்பால் திறந்த கடலை நோக்கிக் கிடக்கிறது. அதன் மேற்கே கடலடி சட்டென்று ஆழ்ந்து போகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பேரலை மணலை வாரி இறைக்க, குஞ்சுகள் புதைந்து மடிகின்றன. அவை எங்கும் பெயர்ந்து செல்வதில்லை. இவற்றையெல்லாம் ஹேர்ட்மன் தெளிவுபடுத்தினார். 1880க்குப் பின் பத்துத் தடவைக்கு மேல் அங்கே குஞ்சுகள் நிறைந்தும் ஒரு சலாபமேனும் கிட்டவில்லை என்று கணக்கும் காட்டினார். தாய்ப்பார் என்ற பெயர்பெற்ற அப்பார், தன் மக்களை ஆளாக்கிக் காணாத தாயாயிற்று.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. முத்துப்பார்களின் மேற்பார்வையாளராய் நெடுங்காலம் இருந்த கப்டன் டொனன் என்பவர், பார்களுக்குச் சென்று, நங்கூரம் பாய்ச்சி, சுழியோடிகளை இறக்கி, எத்தனை சிப்பி வந்தது, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பதிந்து வைத்தவர். அவரிடம் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. ‘இவ்விடத்தில் இவ்வளவு கண்டேன், இவ்வாண்டு ஒன்றும் காணேன்’ என்பதே அவர் குறிப்புகளின் சாரம். ‘காணேன்’ என்று எழுதுவதற்கு வெட்கப்படாதவர் அவர். அக்குறிப்புகள் இல்லையேல் பேராசிரியருக்குத் தாய்ப்பாரின் கதையை அவிழ்த்திருக்க இயலாது.

ஆனால் அதே அறிக்கையில், அதே உறுதியான நடையில், வேறு இரண்டு செய்திகளும் இடம்பெற்றன. ஒன்று, நாம் வகுப்பிலே முழங்கிய புழுக் கொள்கை. இக்கடலின் நல்முத்துக்கள் நாடாப்புழு இனத்து இளம்புழு ஒன்றைச் சுற்றியே உண்டாகின்றன என்றும், அப்புழு சிப்பியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து திருக்கைக்கும் சென்று முதிர்கிறது என்றும் அவர்கள் கூறினர். சிப்பியைத் தின்று அழிக்கும் பகை என்று எல்லாரும் ஏசிய திருக்கை, இக்கணக்கின்படி முத்துக்கு வேண்டிய துணையாகிவிட்டது! மற்றொன்று எதிர்காலம் பற்றியது. விஞ்ஞான முறைப்படி குஞ்சுகளை நல்ல பார்களுக்கு மாற்றி வளர்த்துப் பராமரித்தால் சலாபத்தின் எதிர்காலம் குறித்து மனந்தளர வேண்டியதில்லை என்பதே அது.

அடுத்து நடந்தது எவரையும் மயக்கக்கூடியது. 1903இல் சலாபம் கூடிற்று. 1904இல் மீண்டும் கூடிற்று. 1905இல் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. முன்னொருபோதும் கண்டறியாத அறுவடை. பத்தாண்டுக்கு மேல் வறண்ட கடல், பேராசிரியர் வந்துபோன மறு ஆண்டே பொழியத் தொடங்கிற்று என்றால் உலகம் என்ன நினைக்கும்?

இங்கே மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முத்துச்சிப்பி குளிப்புக்கு ஏற்றவாறு முதிர நான்கு ஐந்து ஆண்டுகள் ஆகும். அப்படியாயின் 1903இல் எடுத்த சிப்பி பிறந்தது எப்போது? ‘லேடி ஹவ்லொக்’ நங்கூரம் பாய்ச்சுவதற்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அது பாரில் ஒட்டி வளரத் தொடங்கிவிட்டது. பேராசிரியர் வந்திராவிட்டாலும் அது முதிர்ந்திருக்கும். கடல்கட்டி மந்திரம் ஓதச் சுறா வரவில்லை; ஹேர்ட்மன் அறிக்கை எழுதச் சிப்பி வந்தது. இரண்டிலும் நம்பியவர்களின் மனம் ஒரே வழியாகவே ஓடிற்று. முன்னது மணற்கரையில் நின்ற பாமரர் மனம்; பின்னது லண்டன் மாநகரின் மூலதனக்காரர் மனம்.

1906இல் ஒரு கம்பனி அமைந்தது. முத்துப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, ஆண்டுதோறும் 310,000 ரூபா வாடகை தர ஒப்புக்கொண்டது. 1906இலும் 1907இலும் சலாபம் நடந்தது. அதற்குப் பின் கடல் கையை விரித்துவிட்டது. விஞ்ஞானம் இருந்தது, கப்பல் இருந்தது, பணமும் இருந்தது, சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பனி கலைந்தது. இலங்கைக் கரையில் அடுத்த முத்துக்குளிப்பு நடந்தது 1925இலே.

புழுவின் கதை என்னவாயிற்று? லைஸ்டர் ஜேம்சன் என்ற விஞ்ஞானி 1902இல், வேறொரு வகைச் சிப்பியில் முத்து புழுவினாலேயே உண்டாகிறது என்று எழுதியவர். அதாவது அவரும் புழுக் கட்சியைச் சேர்ந்தவரே. அவரே மன்னார்க் கடலின் முத்துக்களை வாங்கி, அறுத்துச் சோதித்து, முத்தின் நடுவில் புழு இருந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1912இல் வெளியிட்டார். தம் கட்சிக்குச் சாதகமான செய்தி என்று விட்டுவிடாமல், முத்தை அறுத்துப் பார்த்தாரே, அங்கேதான் அவரிடம் நமக்கு மதிப்புப் பிறக்கிறது. பிற்காலத்தில் மேலும் தெளிவு ஏற்பட்டது. சிப்பியின் உடலை மூடியிருக்கும் மேலுறைத் திசுவே ஓட்டின் உட்புறத்துப் பளபளப்பையும் உண்டாக்குவது. அத்திசுவின் உயிரணுக்கள் சில இடம்பெயர்ந்து உள்ளே சென்று ஒரு பையாக அமைந்தால், அதனுள் முத்து விளைகிறது. புழு இருந்தேயாக வேண்டும் என்பதில்லை. இதை நம்மவர் கையாலே செய்து காட்டியதும் இதே மன்னார் வளைகுடாவின் மறுகரையில்தான். 1973இல் தூத்துக்குடியிலே டாக்டர் அழகர்சாமி, இக்கடலின் முத்துச்சிப்பிக்குள் ஒரு மணியையும் மேலுறைத் திசுத் துண்டு ஒன்றையும் வைத்து முத்து விளைவித்தார்.

ஹேர்ட்மனைப் போலி அறிஞர் என்று கூறுவது நம் நோக்கமன்று. அவர் மெய்யாகவே கற்றவர், உழைத்தவர். அதனாலேயே இந்தக் கதை நம்மை உறுத்துகிறது. போலியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமன்று. மெய்யறிவாளர் ஒருவர் தாம் அறிந்த எல்லையைத் தாண்டி, குரல் மாறாமலே அடுத்த வாக்கியத்தையும் சொல்லிவிடுகிறாரே, அந்த இடத்தைக் கண்டுகொள்வதுதான் கடினம். வள்ளுவர் கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; பேதைமைக்கு இன்னொன்று; இவை போதாவென்று 85ஆம் அதிகாரமாகப் புல்லறிவாண்மையைத் தனியே வைத்தார். தன்னைத் தானே அறிவுடையவனாக மதித்துக்கொள்ளும் நோயைப் பேசுவது அது. படியாதவனுக்கு மட்டும் உரிய அதிகாரம் என்று இதுவரை எண்ணியிருந்தோம். பட்டம் பெற்று, வெள்ளைச் சட்டை அணிந்து, கரும்பலகைக்கு முன் நிற்பவனுக்கும் அதில் இடமுண்டு என்று இப்போது தெரிகிறது.

மறுவாரம் வகுப்பிலே இவை அனைத்தையும் கூறினோம். ‘சென்ற கிழமை நாம் சொன்னது பிழை; கேட்ட கேள்வியே சரி’ என்றோம். எதிர்பார்த்த அளவு மானம் போகவில்லை என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். அம்மாணவன் மட்டும் மீண்டும் எழுந்து, “அப்படியென்றால் 1907க்குப் பிறகு சிப்பி ஏன் வரவில்லை, சேர்?” என்றான். அளவுக்கு மீறி வாரியதுதான் காரணம் என்று ஒரு சாரார். காற்றும் நீரோட்டமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதே காரணம் என்று மற்றொரு சாரார். இருசாரார் கட்சியையும் சொல்லி, ‘தீர்ப்புக் கூற எம்மால் இயலாது’ என்றோம். அவன் சிறிது யோசித்து, தன் அம்மப்பா இளமையில் சங்கு குளித்தவர் என்றும், கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னான்.

அதன்படி ஒரு விடுமுறை நாளில் அவனோடும் வேறு சில மாணவரோடும் அக்கரைக்குச் சென்றோம். முதலில் அரிப்புக்குப் போனோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சலாபத்தைப் பார்வையிடுவதற்கென்று தேசாதிபதி நோர்த் கட்டிய மாளிகையின் இடிசுவர்கள் கடலோர மேட்டிலே நிற்கின்றன. செங்கல்லும் சுண்ணமும் கொண்ட பெருந்தூண்கள். கடல் மேட்டை அரிக்க அரிக்க, ஒவ்வொரு பகுதியாய்ச் சரிந்துகொண்டிருக்கிறது. மாணவர்கள் அதன்மேல் ஏறிப் படம் பிடித்துக்கொண்டார்கள். இறங்கச் சொல்லி அலுத்துவிட்டது.

மாலையில் வங்காலை சேர்ந்தோம். பெரியவருக்கு எண்பது கடந்திருக்கும். போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் அலைந்து திரும்பியவர்; ஒரு காது சரியாகக் கேளாது. சங்குக் குளிப்பினால் வந்த வினை என்றார். தாம் இறங்கிய இடங்களை அவர் சொன்ன விதம் வியப்பாயிருந்தது. எந்த மாதத்தில் எப்பக்கம் நீரோட்டம் இழுக்கும், எத்தனை பாகம் ஆழம், அடியில் மணலா சேறா கல்லா என்று ஒவ்வொன்றையும் கைவிரலை நீட்டி, கடலைப் பாராமலே, வீட்டு முற்றத்தைப் பற்றிச் சொல்வதுபோற் சொன்னார். இளைஞர் இப்பொழுது முதுகிலே காற்றுக் கலத்தைக் கட்டிக்கொண்டு இறங்குவதைப்பற்றியும் சிறிது குறைப்பட்டுக்கொண்டார்.

நாம் நம் கேள்வியைக் கேட்டோம். பெரியபாரில் சிப்பி நிலைக்காமற் போவது ஏன் என்று அவர் நினைக்கிறார்?

பெரியவர் பேரனைப் பார்த்தார். கேள்வி காதில் விழவில்லை என்று எண்ணி அவன் உரத்துத் திருப்பிச் சொன்னான். “கேட்டுது, கேட்டுது” என்று கையை அமர்த்தினார்.

“பெரியபாரிலை நான் இறங்கினதில்லை ஐயா. அது தூரம். எங்கடை வள்ளம் அங்கை போறதில்லை.”

“ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்களே?” என்றோம்.

“ஆட்கள் கனக்கச் சொல்லுவினம்” என்றார். பிறகு மகளை அழைத்து, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார்.

தேநீர் வரும்வரை, தாம் இறங்கிய வேறொரு பாரைப்பற்றிச் சொல்லத் தொடங்கினார். பேரன் கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டான். அவனுடைய பேனா ஓடிய வேகத்தை நம் வகுப்பில் ஒருநாளும் கண்டதில்லை.